எரியாத இரண்டு விளக்குகள்

போன வாரம், மாமனார் நெஞ்சில் ஒட்டியிருந்த மெஷினைப் பிய்த்தெடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்பாடா, இனிமே நிம்மதியா சொறிஞ்சுக்கலாம்" என்றாரே, அங்கே விட்டோம். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். மாமனார் பஸ் டிரைவர். அவர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கள்கூட ஆட மாட்டார்கள் என்பதால் டிப்போவில் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர். போன மாதம் ஒருநாள் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். டிப்போ குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். விழுந்ததைக்கூட விடுங்கள், அவர் முகம் வெளுத்திருந்த விதம்தான் மருமகளை உறுத்தியது. அவர் எவ்வளவு மழுப்பியும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்து அவர்களைப் பெரிய ஊர் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் தீப்பெட்டி அளவில் ஒரு மெஷினைக் கொடுத்து, ஒரு வாரம் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். இதயம் எப்போதெல்லாம் தாளம் தப்புகிறது என்று அது பதிந்துகொள்ளுமாம். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகி அனுப்பினால் போதும், அதைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார். அதுவரை ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். மாமனார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். டிப்போவில் வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் குறிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டதாக வீட்டில் சொன்னார்.

சிரித்து முடித்த கையோடு மருமகள் மெஷினைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். மெஷினில் சார்ஜ் ஏறுகிற ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது.

கழற்றிச் சொருகினாள். திருப்பிச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது மசியவில்லை.

மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, மெஷின் போயிருக்கும், கூரியரில் திருப்பி அனுப்பிவிடலாம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மறுநாள் காலையில் அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே டிப்போவுக்குக் கிளம்பினார். மாமியாரும், ஆமாம், கூரியர்தான் நல்லது என்றார். தபால்காரரையே நம்பாமல் வாசலில் நின்று கையெழுத்துப் போடுகிற மாமியாருக்குக் கூரியர்மேல் திடீரென்று இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று மருமகள் அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க விடாமல் போன் அடித்தது. டாக்டரின் உதவியாளர். டாக்டர் இன்று மாலைவரைதான் இருப்பார், அதன்பிறகு வெளிநாட்டு மாநாடு. கூரியரில் மெஷின் வந்து சேர்ந்து, அவரும் திரும்பி வருவதற்குள் மாசம் ஓடிவிடும் என்றாள். நாங்கள் கொடுத்த கேபிளில்தானே சொருகினீர்கள் என்றும் கேட்டாள்.

அவர்கள் கொடுத்த கேபிள்தான். ஆனால் அது இரண்டு நாள் முன்னால் கழுத்தில் பிய்ந்துவிட்டது. மாமனார்தான் சரிசெய்து கொடுத்திருந்தார்.

இந்த வீட்டில் எந்த ஒயர் பிய்ந்தாலும் மாமனார் விட மாட்டார். டேப் சுற்றி, அதன்மேல் நூலையும் சுற்றிக் கட்டுவார். என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும் என்று வண்டியில் பழகிய பழக்கம். இஸ்திரிப்பெட்டி, மேஜை விசிறி, அழைப்புமணி எல்லாவற்றுக்கும் கழுத்தில் அப்படி ஒரு கட்டு உண்டு. கட்டு கச்சிதமாக இருக்கும், முடிச்சு மட்டும் மூட்டை கட்டியது போல் குண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

சரி, ஒட்டினது சரியில்லையோ என்னவோ, வேறு கேபிள் போட்டுப் பார்ப்போம் என்று மருமகள் டிராயரைத் திறந்தாள். எந்த வீட்டில்தான் அப்படி ஒரு டிராயர் இல்லை. டார்ச்சோடு வந்தது, ஷேவிங் மெஷினோடு வந்தது, கழுத்தில் மாட்டுகிற விசிறியோடு வந்தது, எதோடு வந்தது என்றே தெரியாதது. மெஷினில் கேபிள் சொருகுகிற வாய் பழைய மாடல், சின்னது. அதற்குப் பொருந்துகிறதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொருகினாள். எல்லாவற்றிலும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எதிலும் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. தெருமுனைக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு கேபிளை எடுத்துப் போட்டு, எல்லாத்துக்கும் வேலை செய்யும் என்று அடித்துச் சொன்னார். அதற்கும் அதே கதைதான்.

இத்தனை கேபிளுமா கெட்டுப்போயிருக்கும்? அப்படியானால் மெஷின்தான் செத்துவிட்டதா? ஒரு வாரமாக அவர் நெஞ்சில் நடந்ததெல்லாம் அழிந்துவிட்டதா? மறுபடி ஒரு மெஷின், மறுபடி ஒரு வாரம், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? கணவனிடம் சொல்லலாம் என்றால் அவன் வெளியூர் வேலையில் இருந்தான். சாயங்காலம்வரை போனை எடுக்க மாட்டான்.

மருமகளுக்குப் பொம்மைத் தொழிற்சாலையில் சரிபார்க்கிற வேலை. ஓடுகிற கார், பேசுகிற பொம்மை எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதனால்தான் மாமனார் அவளை 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடுவார். "போலிருக்கிறது" என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. செத்தது மெஷினா, கேபிளா? இரண்டில் ஒன்று தெரியாமல் அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. லீவு சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரிக் கேபிளுக்குள் நான்கு ஒயர்கள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. மலிவாகச் செய்கிறவர்கள் பேச்சு ஒயர் இரண்டையும் போடவே மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே எது இருக்கிறது என்று சொல்ல ஒரு கருவி வேண்டும்.

பழைய சோப்பு டப்பாவை எடுத்தாள். அடுப்பில் ஆணியைக் காய்ச்சி மூடியில் நான்கு ஓட்டை போட்டாள். உடைந்த சார்ஜரிலிருந்து பெரிய வாயையும், செத்துப்போன போனிலிருந்து சின்ன வாயையும் பெயர்த்தாள். அலங்கார விளக்குச் சரத்திலிருந்து நான்கு குட்டி விளக்குகளை வெட்டினாள். சமையலறை எடை மெஷினின் வட்ட பேட்டரியைக் கழற்றியபோது மாமியார் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னும் என்னென்ன பிரிக்கப் போற? என்னையும் பிரிச்சுப் பாத்துடேன்."

மாமியார் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பட்டன் ஓட்டை தைக்கிறவர். நாள் முழுக்க நீல நூலும் அவருமாக இருப்பார். வழக்கமாக மிதித்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே பாடுவார். இன்று தையல் மெஷின் நின்று நின்று ஓடியது.

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கரண்ட் ஒரு வாய் வழியாகக் கேபிளுக்குள் நுழைய வேண்டும், மறு வாய் வழியாக வெளியே வந்து விளக்கை ஏற்ற வேண்டும். ஒயருக்கு ஒரு விளக்கு. எது எரிகிறதோ அந்த ஒயர் உள்ளே இருக்கிறது. எரியாதது இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும், அவசரம் இல்லாமல் இருந்தால். அவளுக்கு அவசரம். ஒயர்களைப் பற்றவைக்கிற சால்டரிங் கம்பி விரலைச் சுட்டது. வாயில் வைத்துக்கொண்டாள்.

"கூரியர்லயே அனுப்பிடலாமேம்மா. எதுக்கு இவ்வளவு பாடு" என்றார் மாமியார்.

கூரியர் என்ற வார்த்தையைக் கேட்டால் இனிமேல் தான் அழுதுவிடுவேன் என்று மருமகள் சொன்னாள். அதற்கு மாமியார், தன் அண்ணனும் இப்படித்தான் சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போனார் என்று ஆரம்பித்தார். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கை ஆட்டலுக்கு வந்ததும் மாமியார் எப்போதும் போல நிறுத்திக்கொண்டார். தையல் மெஷின் மறுபடி ஓடியது.

கருவி தயார். தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. பொருளைச் சோதிக்கும் முன்னால் சோதிக்கிற கருவியைச் சோதிக்க வேண்டும். ஒரு துண்டு ஒயரை எடுத்து இரண்டு வாயையும் ஊசி ஊசியாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் எரிந்தன. பொய் சொல்லாது.

டார்ச் கேபிளைச் சொருகினாள். இரண்டு விளக்கு எரிந்தது, சிவப்பு ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் உரியவை. ஷேவிங் மெஷின் கேபிள், அதே இரண்டு. விசிறி, அதே இரண்டு. ஊர் பேர் தெரியாதது, அதே இரண்டு. எல்லாத்துக்கும் வேலை செய்கிற கடைக்காரரின் கேபிளும் அதே இரண்டு. மருமகளுக்கு முதல்முறையாக மூச்சு கொஞ்சம் இறங்கியது. இவற்றில் எதற்கும் பேச்சு ஒயரே கிடையாது. அப்படியென்றால் மெஷின் சாகவில்லை. சாகவில்லை என்று நம்ப இடமிருக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கேபிள்.

இரண்டு விளக்கு.

இதில் நான்கும் இருந்தாக வேண்டும். பதிந்ததை அனுப்புவதற்கென்றே கொடுத்த கேபிள் இது. கட்டுப் போட்ட இடத்தைப் பிடித்து வளைத்தாள், ஆட்டினாள், முறுக்கினாள். பிய்ந்த ஒயராக இருந்தால் எங்காவது தொட்டுக்கொண்டு ஒரு தடவையாவது மினுக்கும். பச்சையும் வெள்ளையும் மினுக்கவே இல்லை. சிவப்பும் கறுப்பும் அசையாமல் எரிந்தன.

கட்டைப் பிரிக்க நூலின் முடிச்சைத் தேடினாள். முடிச்சு கிடைக்கவில்லை. பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டேப்பை உரித்து, ஒயர்களைப் பரப்பினாள்.

சிவப்பு ஒயரிலும் கறுப்பு ஒயரிலும் ஒரு கீறல்கூட இல்லை. பச்சையும் வெள்ளையும் மட்டும் பிளேடு போட்டு வெட்டியது போல் நேராக அறுந்திருந்தன. அறுந்த நான்கு நுனியிலும் தனித்தனியாகத் துளித்துளி டேப் சுற்றியிருந்தது.

மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிய்ந்ததை ஒட்ட நினைக்கிறவர் நுனியோடு நுனி சேர்த்து முறுக்குவார். நுனிகளைத் தனித்தனியாகப் போர்த்துகிறவர், அவை இனிமேல் எப்போதும் தொட்டுக்கொள்ளவே கூடாது என்று நினைக்கிறவர். வேறு யாராவது என்றால் வெட்டிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். தானாகப் பிய்ந்தது என்று அவளும் நம்பியிருப்பாள். ஆனால் பஞ்சு டிரைவருக்கு ஒயரின் நுனியை மொட்டையாக விட மனசு வராது. அந்த ஒழுங்குதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

கேபிளையே தொலைத்திருந்தால் அன்றைக்கே வேறு கேட்டு வாங்கியிருப்பார்கள். ஒட்டிக் கொடுத்தால் மெஷின்மேல் பழி போகும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

கையில் அறுந்த நூல் இருந்தது. நீல நூல். முடிச்சே வெளியே தெரியாமல், நுனியைச் சுற்றுக்குள்ளேயே இழுத்து மறைத்த கட்டு. மாமனாருக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

"அத்தை, இந்த நூல நீங்களா கட்டுனீங்க?"

தையல் மெஷின் நின்றது. மாமியார் திரும்பவில்லை. சீருடையின் காலரைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அவர் வெட்டினார். கட்டிக் குடுன்னார், கட்டிக் குடுத்தேன்."

அப்புறம் எல்லாம் வந்தது. ஆபரேஷன் என்று எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்று அவர்தான் கேட்டாராம். உன் அண்ணன் கையை ஆட்டிக்கொண்டு போன மாதிரி நானும் போகவா என்றாராம். கொஞ்ச நாள் தள்ளிப்போட்டால் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்றாராம்.

"கத்தி படாம இருந்தா போதும்னு நெனச்சேன்மா. அவர்தான் வண்டி ஓட்டலையே. டிப்போல உக்காந்து எழுதிட்டுத்தானே இருக்காரு. என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

மருமகளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. மாமியாரின் பயம் அவளுக்குப் புரிந்தது. புரியாதது மாமனார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மறுவாரமே, வயிற்றில் ஜிப் வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஜோக்கடித்த மனிதர் அவர். ஆபரேஷனுக்கு அவர் எப்போது பயந்தார்? மனைவியின் பயத்தை எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் எதை மறைக்கிறார்?

அவர் வண்டியில் இருக்கும்போது போனை அணைத்துவிடுவார். இப்போது வண்டியில் இல்லையே என்று கூப்பிட்டாள். அணைந்திருந்தது. டிப்போ எண்ணுக்குப் போட்டாள்.

"பஞ்சு அண்ணனா?" என்றார் அங்கே நேரம் குறிக்கிறவர். "ரூட்ல இருக்காரேம்மா."

அவர் ஓட்டுவதில்லையே என்று கேட்டாள். அப்படி யார் சொன்னது, ஒருநாள்கூட வண்டியை விட்டு இறங்கவில்லையே என்றார் அவர். டாக்டர் சொன்னதையெல்லாம் மருமகள் மூச்சு விடாமல் சொன்னாள். அவர், ஓடுகிற வண்டிக்குப் போன் போட முடியாது, அதில் கண்டக்டரும் கிடையாது, கடைசி ஸ்டாப்புக்கு மாற்று டிரைவரை அனுப்புகிறேன் என்று அவசரமாகச் சொன்னார்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டி நெறைய ஆளுங்க இருப்பாங்களே" என்றார்.

"ஆமா, அத்தை."

"மொதல்ல அத அனுப்பு. அப்புறம் கிளம்புவோம்."

மருமகள் நான்கு துளி டேப்பையும் உரித்தாள். பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை. முறுக்கி, இடையில் டேப் வைத்து, சோப்பு டப்பாவில் சொருகினாள். மூன்று விளக்கு எரிந்தது. நான்காவது அடம்பிடித்தது. மாமியார் குனிந்து, வெள்ளை ஒயரை ஊசியில் நூல் கோக்கிறவரின் விரல்களால் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். நான்கும் எரிந்தன.

கம்ப்யூட்டர் கண் திறந்தது. ஒரு வாரத்து இதயம் திரையில் வந்து நின்றது. 'அனுப்பவா?' என்று கேட்டது. இதை அழுத்தினால் அவர் இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போகலாம். மருமகளின் விரல் ஒரு நொடி நின்றது. மாமியார் குறுக்கே கையை நீட்டி அழுத்தினார்.

மாமனாரின் வண்டி வழக்கமாக வருகிற பெரிய சாலை ஸ்டாப்புக்கு இருவரும் ஓடினார்கள். மாமியார் ஓடி மருமகள் பார்த்ததே இல்லை. வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் இருவரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று சாலையின் அந்தக் கோடிவரை பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று கடந்தபோது மாமியாரின் நகம் மருமகளின் கையில் பதிந்தது. அது வேறு பக்கம் திரும்பிப் போயிற்று.

அப்புறம் அவர் வண்டி வந்தது. அலுங்காமல், குலுங்காமல், ஸ்டாப் கோட்டில் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து மாமனார் இவர்களைப் பார்த்தார்.

என்ன சொல்வது என்று ஓடிவரும்போதே மருமகள் யோசித்திருந்தாள். கத்தக் கூடாது, அழக் கூடாது, அவரைப் பதற விடக் கூடாது. பதறினால் அந்த நெஞ்சு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? வண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒருவர்.

"கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு" என்றார் மாமியார், முன்பின் தெரியாத பயணி போல. பயணக் காசைக்கூட எடுத்து நீட்டினார்.

மாமனார் வாங்கவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கதவு மூடி, வண்டி நகர்ந்தது.

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த பையன்கள் எழுந்து மாமியாருக்கு இடம் விட்டார்கள். மருமகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக் பக்கம் நின்றாள். தேவைப்பட்டால் அதை எந்தப் பக்கம் இழுப்பது என்று அவளுக்குத் தெரியாது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாமா? மேம்பாலத்தின் ஏற்றம், இரண்டு பக்கமும் வண்டிகள், இங்கே எப்படி நிறுத்துவார்? அவர் கண்ணிமைப்பதைக்கூட அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை இமை மூடும்போதும், திறக்க வேண்டுமே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது.

கண்ணாடியில் அவர் பார்வை மாமியாரைத் தேடியது. மாமியார் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேர்த்திருக்கு உங்களுக்கு" என்றார், மெதுவாக.

அவ்வளவுதான் சொன்னார். மாமனார் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாலம் இறங்கியது. அடுத்த ஸ்டாப் வந்தது. வண்டி பஞ்சு போல நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவு மூடவில்லை. மாமனார் ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். சாவியைத் திருப்பினார். என்ஜின் அடங்கியது.

"எல்லாரும் இறங்கிக்குங்க" என்றார், கண்ணாடியைப் பார்த்து. "இந்த வண்டி இதுக்கு மேல போகாது. பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்குங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை. கூட்டம் முனகியது. ஒருவர் ஷிப்டுக்கு நேரமாச்சு என்றார், ஒருவர் நல்லாத்தானே ஓடிச்சு என்றார். ஊன்றுகோல்காரரை இறக்கிவிட மருமகள் கை கொடுத்தாள். வண்டி காலியாக நேரம் பிடித்தது. அதுவரை மாமனார் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் பாத்ரூம்ல வழுக்கல" என்றார்.

சிக்னலில் நின்றிருந்தாராம். சிவப்பு விளக்கைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. கால் பிரேக்கில் இருந்ததால் பிழைத்தார்கள். சட்டை தெப்பமாக வியர்த்துப்போனது. வீட்டில் கேட்பார்களே என்று டிப்போவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார்.

"மெஷின் ஒட்டியிருந்தப்பவும் ஒரு தடவை வந்துச்சு. ஸ்டாப்ப தாண்டிட்டீங்கன்னு ஒரு பொண்ணு வந்து தோளத் தொட்டுச்சு. அது உள்ள பதிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும்." ஸ்டியரிங்கைத் தடவினார். "இத விட்டா நான் என்ன ஆளு, சொல்லு. அதான் உங்கத்தை பயத்த நான் உபயோகிச்சுக்கிட்டேன். தப்புதான், இன்ஸ்பெக்டர்."

மருமகளுக்கு அழுகை வந்தது. அடித்துவிடலாம் போலவும் இருந்தது. "ரெக்கார்டு போயாச்சு மாமா. அத்தைதான் அனுப்பினாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாமனார் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாமியார் தலையைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் அவர் இருபத்தெட்டு வருஷமாகத் திருப்புகிற அதே திருப்பல்.

மாமனார் சாவியை உருவி மருமகளிடம் நீட்டினார். சீட்டுக்கு அடியில் இருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போது மருமகளின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். அவள் பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் மாமியார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தாலே எழுந்து போகிறவர், போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "நான் அவரோட சம்சாரம். எங்கிட்டயே சொல்லுங்க" என்றார்.

உதவியாளர் இல்லை. டாக்டரே பேசினார். உங்கள் கணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"இங்கதான். எதுக்க. சீட்டுல உக்காந்திருக்காரு."

மறுபக்கம் பேசப் பேச மாமியாரின் முகம் மாறியது. மாமனார் வழக்கம் போலக் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்து எழப் போனார்.

மாமியார் போனை விடாமல் மறு கையால் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். எந்தச் சீட்டிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேரும் தலைதெறிக்க ஓடி வந்தார்களோ, அதே சீட்டில் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திருக்காதீங்க" என்றார். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாதாம்."